கிலோ அக்கா குடிக்காத தண்ணீர்

லாரிக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் கிலோ அக்கா. எடைமேடையில் பதினொரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். வண்டியை ஏற்றி நிறுத்தி, எடை பார்த்து, சீட்டுக் கிழித்துக் கொடுக்கிற வேலை. ஏய்க்கலாம் என்று வருகிற எந்தக் கொம்பனும் அவள் முகத்தைப் பார்த்ததும் பெட்டிப்பாம்பாக அடங்கிவிடுவான்.

அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று வாயில் நுழையாத வியாதி வந்தது. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே நரம்புகளின் மேலுறையை அரித்துவிடுமாம். வேலியே பயிரை மேய்ந்த கதை. மாத்திரையை ஒழுங்காகப் போட்டாள், வேலையையும் விடவில்லை.

வீட்டில்தான் ஆட்சி மாறியது. எலக்ட்ரீஷியனான புருஷன் அடுப்படியைக் கைப்பற்றினான். மீன், கீரை, பயறு, பழம் என்று நல்லதாகத்தான் வைத்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் எண்ணெயைச் சொட்டுக் கணக்கில் விட்டான். ஒரு வீடியோவைப் பார்த்துப் பாலை நிறுத்தினான், இன்னொன்றைப் பார்த்துக் கோதுமையை நிறுத்தினான், மூன்றாவதைப் பார்த்துப் பாலைத் திரும்ப அழைத்துவந்தான். மூச்சு விடாதே என்று எவனும் வீடியோ போடாதவரைக்கும் நான் பிழைத்தேன் என்பாள் அவள். ஆனாலும் தட்டில் வைத்ததை மிச்சம் வைக்க மாட்டாள். அவன் எவ்வளவு பயந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவன் பார்த்ததெல்லாம் தட்டைத்தான். தண்ணீர் டம்ளரைப் பார்க்கவில்லை.

கழிப்பறை, லாரிகள் திரும்புகிற முற்றத்தைத் தாண்டி எதிர்க்கோடியில் இருந்தது. இந்த வியாதியில் சிறுநீர் வந்தால் பொறுக்காது, காலோ அவசரத்துக்கு உதவாது. ஒருநாள் பாதி வழியிலேயே போய்விட்டது. அன்றிலிருந்து காலையில் எழுந்தது முதல் வேலை முடிகிறவரை நாக்கை நனைப்பதோடு சரி. பத்து டன் வண்டியை அதட்டி நிறுத்துகிறவளுக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை. மானப் பிரச்சினை அல்லவா!

ஆறு மாதம் ஓடியது. கல்யாண நாளன்று மனசு கேட்காமல் அவன் உருளைக்கிழங்கு வறுத்தான். இருவரும் சட்டியைக் காலி செய்தார்கள். மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கினவளுக்கு இடது கால் நிற்கவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. வியாதி திரும்ப அடித்துவிட்டது, இனி இந்தக் கால் அவ்வளவுதான் என்று நடுங்கிப்போனாள். அவனோ எண்ணெய்ச் சட்டியைத் தூக்கி வெளியே எறிந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உட்காருவதற்குள் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். எத்தனை கரண்டி எண்ணெய் என்பதுகூட விடாமல். ஒருநாள் வறுவலில் கால் விழாது என்று அவர் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. சிறுநீரைச் சோதித்தார்கள். கிருமித் தொற்று. அதனால் வந்த காய்ச்சலில் பழைய பலவீனம் தலைதூக்கியிருக்கிறது, புதுத் தாக்குதல் மாதிரி தெரியவில்லை, தொற்று ஆறினால் கால் தேறும் என்றார் டாக்டரம்மா. அப்புறம், தண்ணீர் குறைந்தாலும் இந்தத் தொற்று வரும், நன்றாகக் குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

அவன் முந்திக்கொண்டான். "அதெல்லாம் குடிப்பா டாக்டர். என் கையாலதான் கெடுத்துட்டேன்."

அவள் ஆமாம் என்று தலையாட்டினால் போதும், மானம் தப்பும். ஆனால் இந்த மனுஷன் தன்னையே தின்றுகொண்டு கிடப்பான். அவனைப் பார்த்தாள். கண் சிவந்து, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றான்.

"குடிக்கிறதில்ல டாக்டர். ஆறு மாசமா, வேலை முடியிறவரைக்கும் ஒரு வாய்கூட இல்ல." பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "ஒருநாள் தொப்பலா நனைஞ்சு வந்தேனே, மழைல மாட்டிக்கிட்டேன்னு. அது மழை இல்லீங்க. போற வழியிலயே போயிடுச்சு. தெரியக் கூடாதுன்னு குழாயத் தொறந்து மேல ஊத்திக்கிட்டு வந்தேன்."

அவன் குனிந்து, மாற்றிப் போட்ட பொத்தானைக் கழற்றினான்.

"மழை இல்லன்னு தெரியும்," என்றான். "அன்னிக்கு நான் வெளியில கம்பத்து மேலதான் வேலை செஞ்சேன். நல்ல வெயில். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

அவளுக்கு முதலில் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. தெரிந்துகொண்டே ஆறு மாதமாகக் கீரையைப் பற்றிப் பேசியிருக்கிறான். அப்புறம்தான் அழுதாள்.