இடம் மாறிய ‘ஒன்லி’

போன மாதம் ஒரு சனிக்கிழமை. எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் செகரட்டரி ஒரு அறிவிப்பு போட்டிருந்தார். “மோட்டார் இஸ் ரிப்பேர். டுடே ஈவ்னிங் வாட்டர் வில் நாட் கம். கைண்ட்லி கோஆப்பரேட் த சேம்.”

என்னால் சும்மா இருக்க முடியுமா? எம்.ஏ. இங்கிலீஷ் படித்தவனாயிற்றே!

உடனே பதில் தட்டினேன். மோட்டார் ரிப்பேர் ஆக ‘இருக்காது’ — மோட்டாருக்கு ரிப்பேர் தேவைப்படும். ‘டுடே ஈவ்னிங்’ என்று ஒன்று கிடையாது, ‘திஸ் ஈவ்னிங்’ என்பதே சரி. ‘கோஆப்பரேட் த சேம்’ என்றால் எதை, யாரோடு? மூன்று வரி அறிவிப்புக்குப் பதினோரு வரியில் விளக்கம். கீழே ஒரு ஸ்மைலி வேறு — நான் பழகுவதற்கு இனியவன் என்று காட்ட.

நிமிர்ந்து பார்த்தால் குழாயில் காற்றுதான் வருகிறது. அந்தப் பிழையான இங்கிலீஷ் இருபத்து மூன்று வீட்டுக்காரர்களுக்கும் புரிந்து, பக்கெட் பக்கெட்டாகப் பிடித்து வைத்துவிட்டார்கள். அதைத் திருத்திக்கொண்டிருந்த இருபத்து நாலாவது வீட்டில்தான் சொட்டுத் தண்ணீர் இல்லை.

“இலக்கணத்துல குளிச்சுக்குங்க” என்றாள் என் மனைவி சுமதி.

இந்த மாதிரி ஒரு அடி விழுந்தால் மனிதன் திருந்த வேண்டுமா, வேண்டாமா? நான் திருந்தவில்லை. எங்கள் ராஜா அண்ணாமலைபுரத்தில் யார் வீட்டில் இங்கிலீஷுக்கு உடம்பு சரியில்லையென்றாலும் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். சில சமயம் அவர்கள் தூக்கி வருவதற்கு முன்பே நான் போய் நின்றுவிடுவேன். ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று யாராவது சொன்னால் ‘அபவுட் வேண்டாமே’ என்று காதோடு சொல்வேன். ‘ரிட்டர்ன் பேக்’ என்றால் முகம் சுளிப்பேன். மயிலாப்பூரில் ஒரு டெய்லர் கடை போர்டில் ‘லேடீஸ் ஆல்ட்டர்டு ஹியர்’ என்று இருந்ததைப் பார்த்துவிட்டு உள்ளே போய் அரை மணி நேரம் வகுப்பு எடுத்திருக்கிறேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இன்னா சார், தெக்கறதுக்கு பிளவுஸ் எதனா இருக்கா, இல்லியா?” என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நங்கநல்லூரிலிருந்து பாஸ்கர் வந்தார். சுமதியின் தங்கை கீதாவின் கணவர். எனக்குச் சகலை. ஐ.டி. கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக வேலை. வயது நாற்பத்தொன்பது. அந்தத் துறையில் நாற்பத்தொன்பது என்பது என்ன வயது என்று உங்களுக்கே தெரியும்.

லேப்டாப்பைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

“சகலை, இது செல்ஃப் அப்ரைசல். வருஷம் பூரா என்ன செஞ்சோம்னு நாமளே எழுதணும். இந்த வருஷம் புது மேனேஜர். ஹெலன்னு பேரு, லண்டன்ல இருக்காங்க, வந்து மூணு மாசம்தான் ஆவுது. என்னைப் பத்தி அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இதைப் படிச்சுத்தான் ரேட்டிங் போடுவாங்க. ஆளுங்களைக் குறைக்கப் போறாங்கன்னு ஆபீஸ்ல பேச்சு... கொஞ்சம் இங்கிலீஷ் பாத்துக் குடுங்க.”

படித்தேன். ஐயோ!

‘சர்வர் ஷிஃப்டிங் ஒர்க் ஐ ஒன்லி டிட்.’

‘நியூ டீம் ட்ரெய்னிங் ஆல்ஸோ ஐ ஒன்லி கேவ்.’

‘சைக்ளோன் டைம் ஐ ஒன்லி வாஸ் இன் ஆபீஸ்.’

“பாஸ்கர், இப்படியா எழுதுவாங்க? எழுவாய் எங்க, பயனிலை எங்க? பாண்டி பஜார்ல சாமான் சிதறிக் கிடக்கிற மாதிரி இருக்கு. வினைச்சொல்லை முன்னாடி கொண்டு வரணும். ‘ஒன்லி’யை அதுக்குப் பக்கத்துல ஒழுங்கா உக்கார வைக்கணும்.”

“நீங்க சொன்னா சரி, சகலை. அர்த்தம் மட்டும் மாறாம பாத்துக்குங்க.”

எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறார், பாருங்கள்! நான்தான் கேட்கவில்லை. ஒரு மணி நேரத்தில் முடித்தேன். ‘ஐ ஒன்லி டிட் த சர்வர் ஷிஃப்டிங்.’ ‘ஐ ஒன்லி ட்ரெய்ன்டு த நியூ டீம்.’ ‘ட்யூரிங் த சைக்ளோன், ஐ வாஸ் ஒன்லி இன் த ஆபீஸ்.’ ஒரு கமா கூடப் பிசகாமல் சுத்தமான இங்கிலீஷ். பாஸ்கர் நன்றியோடு கையைப் பிடித்துக்கொண்டார். சுமதி போட்ட கேசரியை நான் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மூன்று வாரம் கழித்து கீதாவிடமிருந்து போன் வந்தது. சுமதி பேசிக்கொண்டே என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, அவரு ரேட்டிங் அடிமட்டத்துல போட்டுட்டாங்க. வீட்டுக்கு அனுப்புற லிஸ்ட்ல பேரு வந்திருக்கு. அந்த ஹெலன் என்ன எழுதியிருக்கா தெரியுமா? ‘பாஸ்கர் தன்னோட பங்களிப்பு கம்மின்னு நேர்மையா ஒத்துக்கிட்டிருக்காரு. அந்த நேர்மையைப் பாராட்டறேன்’னு எழுதியிருக்கா!”

எனக்கு முதலில் புரியவில்லை. என் இங்கிலீஷில் தப்பா? இருக்காதே! கீதாவை அனுப்பச் சொல்லி மறுபடி படித்தேன். மூன்றாம் தடவை படித்தபோதுதான் பிடிபட்டது.

விஷயம் இதுதான். நம் ஊரில் ‘ஒன்லி’ என்றால் ‘தான்’. ‘எங்கே இருக்கே?’ என்றால் ‘அடையார் ஒன்லி’. ‘யாரு வந்தது?’ என்றால் ‘மை சன் ஒன்லி’. தமிழில் யோசித்து இங்கிலீஷில் பேசும்போது அந்த இரண்டெழுத்தை விட்டுவிட மனசு வராமல் கையோடு எடுத்துப் போகிறோம். இங்கிலீஷ்காரர்களுக்கோ ‘ஒன்லி’ என்றால் ‘மட்டும்’. வெறுமனே, அவ்வளவே, அதற்குமேல் ஒன்றுமில்லை.

பாஸ்கர் சொல்ல வந்தது — ‘சர்வரை மாற்றியது நான்தான்.’ நான் திருத்தி அனுப்பியது — ‘சர்வரை மாற்றியது மட்டும்தான் நான் செய்தது.’

பாஸ்கர் சொல்ல வந்தது — ‘புயலடித்தபோது ஆபீஸில் இருந்தது நான் ஒருவன்தான்.’ நான் அனுப்பியது — ‘புயலின்போது நான் வெறுமனே ஆபீஸில் இருந்தேன்.’ அதாவது, சும்மா உட்கார்ந்திருந்தேன், சம்பளம் கொடுங்கள்!

அவர் எழுதியபடியே போயிருந்தால் அந்த அம்மாவுக்கு ஏதோ இடித்திருக்கும். ‘ஐ ஒன்லி டிட்’ என்று வாக்கியத்தின் கடைசியில் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து, ‘இது என்ன புது மாதிரி இருக்கிறதே’ என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாள். நான் அந்தச் சந்தேகத்துக்கே இடம் வைக்கவில்லை. தப்பான அர்த்தத்தைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்பியிருக்கிறேன். இத்தனைக்கும் படிக்கும்போது எனக்கு அதில் ஒரு குறையும் தோன்றவில்லை. ஏன் தெரியுமா? ஊரையே திருத்துகிற என் காதிலும் ‘ஒன்லி’ என்றால் ‘தான்’தான்.

வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. பாஸ்கரின் பெண் இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம். நாற்பத்தொன்பது வயதில் ஒருவர் வேலை தேடிக் கிளம்ப வேண்டுமென்றால், அதற்குக் காரணம் என் விரல்.

மேனேஜரோடு ஒரே ஒரு வீடியோ காலில் முறையிடலாம், அரை மணி நேரம் கொடுப்பார்கள் என்று தெரிந்தது. நான் இரண்டு பக்கத்துக்கு ஒரு விளக்கம் தயாரித்தேன். சுமதி அதைத் தொடக்கூட இல்லை.

“இதையும் குடுத்து மிச்சம் இருக்கிறதையும் முடிச்சிடுங்க. போயி பக்கத்துல உக்காருங்க. வாயைத் திறக்காதீங்க.”

புதன்கிழமை மத்தியானம் நங்கநல்லூர் போனேன். பாஸ்கர் என் இரண்டு பக்கத்தை மரியாதையாக வாங்கி, மரியாதையாக டீவி ஸ்டாண்டின் மேல் வைத்தார். “நானே பேசிக்கிறேன் சகலை” என்றார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தாலும் தேவலை. கேமராவில் படாத மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தாள் கீதா.

திரையில் ஹெலன் வந்தாள். நல்ல முகம். பாஸ்கர் ஆரம்பித்தார்.

“மேடம், சர்வர் ஷிஃப்டிங். ஹூ டிட்? ஐ டிட். அதர் பீப்பிள், நோ. மீ, யெஸ்.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஆனால் நீங்கள் அதை மட்டும்தான் செய்ததாக எழுதியிருக்கிறீர்களே?” என்று அவள் இங்கிலீஷில் கேட்டாள்.

“நோ, நோ, மேடம். சைக்ளோன் டைம், டூ டேஸ், பவர் நோ. ஆல் பீப்பிள் ஹோம். ஐ ஒன்லி ஆபீஸ். டேபிள் மேல ஸ்லீப்பிங். ஜெனரேட்டர் டீசல் ஆல்ஸோ ஐ ஒன்லி ஃபில்டு!”

ஹெலன் மெதுவாகக் கேட்டாள். “யூ மீன்... ஒன்லி யூ?”

“யெஸ் மேடம்! ஐ ஒன்லி!”

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் சிரித்தாள். அப்புறம் — இதைச் சொல்லியாக வேண்டும் — மன்னிப்புக் கேட்டாள். புயல் நாட்களில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் யார் யார் வேலை செய்தார்கள் என்ற பதிவை அங்கேயே எடுத்துப் பார்த்தாள். இரண்டு நாளும் ஒரே பெயர். அந்த லிஸ்டிலிருந்து பாஸ்கரை எடுத்துவிடுவதாகவும் ரேட்டிங்கை மறுபடி பார்ப்பதாகவும் சொன்னாள். கீதா கதவுக்குப் பின்னால் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது. ஒரு இலக்கண விதிக்கும் கட்டுப்படாத அந்த இங்கிலீஷ், என் எம்.ஏ.வால் முடியாததைச் செய்துவிட்டது.

கட் பண்ணப் போகும் நேரத்தில் ஹெலனுக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு நன்றாகப் புரியவைக்கிற மனிதர், எழுத்தில் மட்டும் எப்படி இப்படித் தலைகீழாக எழுதினார்?

“பட் ஹூஸ் மிஸ்டேக் வாஸ் இட்?” என்றாள்.

பாஸ்கர் ஒரு கணம் என் மூலையைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. சுமதி சொன்னதற்காக இல்லை.

“மைன் ஒன்லி, மேடம்” என்றார்.

மூன்றே வார்த்தை, இரண்டு பிழை. ஒன்று இலக்கணத்தில். இன்னொன்று, அது உண்மையில்லை. இரண்டையுமே நான் திருத்தவில்லை.