இருவருக்கும் நாற்காலி கேட்ட சகாயமேரி

பிரிக்பீல்ட்ஸ் டயாலிசிஸ் நிலையத்தில், கையில் ஊசியோடு நான் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தபோதுதான் செய்தி வந்தது. தாதி லெட்சுமி குனிந்து சொன்னார். "சார், மேரி அக்கா போயிட்டாங்க. காலையில வீட்டுலயே மயங்கி விழுந்தாங்களாம்." எழுந்து வெளியே போகவும் வழியில்லை. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அது தணிந்த பிறகு எழுதலாம் என்று காத்திருக்க எனக்கு விருப்பமில்லை.

சகாயமேரியின் முகம் நோயாளிகள் பலருக்குத் தெரியாது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் யாருக்கு எந்த நாளில் எந்த டயாலிசிஸ் நாற்காலி என்ற கணினிப் பட்டியலைக் காத்தவர் அவர். இரண்டு நிலையத்துக்கும் தனித்தனிக் கணினி. எங்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. தீபாவளிக்கு மலாய், சீன நோயாளிகள் எங்களுக்கு நாற்காலி மாற்றிக் கொடுப்பார்கள். நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் நாங்கள் அவர்களுக்கு மாற்றிக் கொடுப்போம். எல்லா மாற்றங்களையும் ஒரே கட்டாக இரண்டு கணினிகளிலும் ஏற்றுவது மேரியின் வேலை.

"கல்யாணத்தில் மாலை மாற்றுவது போலவா?" என்று ஒருமுறை கேட்டேன். உதாரணம் தேடுவது, வாத்தியாராக இருந்த எனக்குப் பழைய தொழில் நோய்.

"அதேதான் சார்," என்று சிரித்தார். "ஆனா பாதியில நின்னுட்டா? ஒருத்தர் கழுத்துல ரெண்டு மாலை, இன்னொருத்தர் கழுத்து காலி. ஒண்ணு, ரெண்டு பேரும் மாத்தி முடிக்கணும். இல்ல, அவங்கவங்க மாலையோட நிக்கணும். நடுவுல போட்டோகிராபர் க்ளிக் பண்ணவே கூடாது."

சென்ற தீபாவளிக்கு நான், கிள்ளான் நிலையத்துக்கு வரும் காப்பார் ஒஸ்மான் பாக்சிக் என்ற மலாய்ப் பெரியவரோடு மாற்றிக்கொண்டேன். முந்தைய நாள் கிள்ளானில் அவருடைய நாற்காலி எனக்கு. தீபாவளியன்று பிரிக்பீல்ட்ஸில் என்னுடையது அவருக்கு. பக்கத்துப் பங்சாரில் இருக்கும் மகன் வீட்டிலிருந்து வந்துவிடுவதாகச் சொன்னார்.

கட்டு ஏறிக்கொண்டிருந்தபோது பிரிக்பீல்ட்ஸ் இணைப்பு அறுந்தது. கிள்ளான் கணினி மாறிவிட்டது, பிரிக்பீல்ட்ஸ் கணினி பாதியில் நின்றது. எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுபோய், இணைப்பு வந்ததும் முதலிலிருந்து ஏற்றலாம் என்றார் மேரி. நிர்வாகி விடவில்லை. "முக்கால்வாசி போயிருச்சுல்ல மேரி? மீதிய கையால போட்டுக்கலாம் லா." மேரி கையால் போட்டார். அதற்குள் பிரிக்பீல்ட்ஸ் முகப்பில் இருந்தவர்கள் பாதி மாறிய பட்டியலை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். மாற்றம் முடியும்வரை பழைய பட்டியலே எல்லார் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்று அவர் பலமுறை கேட்டிருந்தார். கேட்க ஆளில்லை.

எனக்கு இரண்டு நாற்காலி. பாக்சிக்குக்கு ஒன்றுமில்லை.

தீபாவளிக் காலையில் அவர் வந்து நின்றார். தாளில் என் பெயர் இருந்ததால் அவரை உட்கார விடவில்லை. நாற்காலி காலியாகவே கிடந்தது. என்னை அழைத்துப் பார்த்திருக்கிறார்கள். நான் விருந்தினர் நடுவில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன், தொலைபேசி எங்கோ கிடந்தது. அவர் யாரோடும் சண்டை போடாமல் கிளம்பிவிட்டார். செய்தி தெரிந்ததும் மேரி கிள்ளானிலிருந்து காரை விரட்டிக்கொண்டு வந்து தேடினார். ரயில் நிலைய இருக்கையில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தார். பாக்சிக் பிழைத்தார். ஆனால் இப்போது சக்கர நாற்காலியில்தான்.

எச்சரிக்கைக் கடிதம் யாருக்குப் போனது? மேரிக்கு. 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்தார்கள்.

"இத ஏம்மா சும்மா வாங்கிக்கிட்டே?" என்று நான் கத்தினேன்.

"லெட்டர் கெடக்கட்டும் சார். அடுத்து சைனீஸ் நியூ இயர் வருது. அதுக்குள்ள சரி பண்ணணும்." பிறகு ஒன்று சொன்னார். "பாதி வேலை முடிஞ்சிருக்கிறது, ஒண்ணுமே முடியாததவிட மோசம் சார். ஒண்ணுமே மாறலைன்னா அவங்கவங்க நாற்காலியாச்சும் இருக்கும்."

ஒரு பக்கத்தில் திட்டம் எழுதிக் கொடுத்தார். முதலில் இரண்டு கணினிகளையும் 'தயாரா?' என்று கேட்க வேண்டும்; இரண்டும் சரி என்றால்தான் மாற்றம், ஒன்று தயங்கினாலும் எதுவும் மாறக்கூடாது. அந்தத் தாள் நிர்வாகியின் மேசையில் கிடந்தது. மேரி போய்விட்டார்.

கிள்ளான் தேவாலயத்தில் நடந்த அடக்கப் பூசையில் அதே நிர்வாகி எழுந்து, "தவறே செய்யாத பணியாளர்" என்று தழுதழுத்தார். தவறே செய்யாதவருக்கு எதற்கையா கடிதம்? பூசை நடக்கும் இடம் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன். பின்வரிசையில் பாக்சிக் இருந்தார். மகன் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்.

மறுவாரம் நோயாளிகள் நாங்கள் சேர்ந்து நிர்வாகிக்கு ஒரு கடிதம் எழுதினோம். மேரியின் திட்டம் நடப்புக்கு வரும்வரை பெருநாள் மாற்றத்துக்கு எங்களில் யாரும் பெயர் கொடுக்க மாட்டோம். மேரி மேல் போட்ட பழியையும் எழுத்தில் திரும்பப் பெற வேண்டும். முதல் கையெழுத்து ஒஸ்மான் பாக்சிக்குடையது.

நிர்வாகி படித்துவிட்டு, "இது டெக்னிக்கல் விஷயம், வாத்தியாரே. உங்களுக்குப் புரியாது," என்றார்.

"கல்யாணத்துல மாலை மாத்துறத பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். முப்பது வருடம் புரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான், அவசரமில்லை.

மேரியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வி. எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் என் பெயரைத் தேடுவதற்கு முன் அதைக் கேட்கிறேன்: மற்றவருக்கும் நாற்காலி இருக்கிறதா?