ஏழு யானைகள் கடந்த பிறகு

போன ஆவணியில் ஒரு சனி, ஞாயிறு மேகமலைக்குப் போயிருந்தோம். நான், மனைவி, மகன், மருமகள், ஆறு வயதுப் பேத்தி. அனுமந்தன்பட்டியில் கிளம்பும்போதே, இரண்டு நாளாவது கவலையில்லாமல் ஓய்வாக இருக்க வேண்டும் என்று மகன் என்னிடம் சொல்லியிருந்தான். இருக்கத்தான் பார்த்தேன். ஆனால் சின்னமனூர் தாண்டி மலை ஏறியதும் கொண்டை ஊசி வளைவுகளை எண்ண ஆரம்பித்துவிட்டேன். பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எண்ணாவிட்டால் எதுவும் மனதில் நிற்காது.

அன்று மாலை விடுதி வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அணைத் தண்ணீருக்கு அக்கரையில் யானைகள் மேய்ந்தன. இத்தனை வயதில் இப்படியொரு காட்சியைப் பார்த்ததில்லை. இருந்தாலும் முதலில் எண்ணினேன். மூன்று முறை எண்ணியும் ஏழுதான். “இவுக ஆனைக்கும் அட்டெண்டன்ஸ் எடுக்குறாக” என்று மனைவி மருமகளிடம் சொல்லிச் சிரித்தாள்.

மறுநாள் காலை தேயிலைத் தோட்டத்துப் பாதையில் நடக்கப் போனோம். வழியில் கொழுந்து பறிக்கும் பெண்கள் சிலர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்கள். தூரத்தில் யானைக் கூட்டம் சோலைக்காட்டிலிருந்து இறங்கிப் பாதையைக் கடந்துகொண்டிருந்தது. நாங்களும் நின்றோம். ஐந்து, ஆறு, ஏழு. ஏழாவது யானை வெகுதூரம் சரிவில் இறங்கி நின்றது. எல்லாம் போயாயிற்று, இனி நடக்கலாம் என்று நானே சொன்னேன். யானைத் தடத்தைப் பார்க்க வேண்டும் என்று பேத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். அவளோடு முப்பது அடி வைத்திருப்பேன்.

அந்தப் பெண்களில் ஒருத்தி வேகமாக வந்து கொழுந்துப் பையைக் குறுக்கே நீட்டி மறித்தாள். குரலை உயர்த்தவேயில்லை.

“அங்கன போகாதீகய்யா. கடைசி ஆனை திரும்பித் திரும்பிப் பாக்குது. இன்னும் ஆள் வரணும்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. மொத்தமே ஏழுதான், நேற்றே எண்ணிவிட்டேன் என்று வாதாடினேன். அவள் பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மகன் நின்ற இடத்துக்குத் திரும்பி நடந்தாள். வேறு வழியின்றி நானும் பின்னால் போனேன். போய்ச் சேரவும், அவள் எங்களை மறித்த இடத்துக்குப் பக்கத்தில் புதர் விலகவும் சரியாக இருந்தது. ஒரு பெரிய யானை. அதன் கால்களுக்கு நடுவே குட்டி. தாய் காதை விரித்து எங்களைப் பார்த்தபடி நின்றது. பிறகு குட்டியைத் தும்பிக்கையால் அணைத்துக்கொண்டு பாதையைக் கடந்தது. அதுவரை காத்திருந்த ஏழாவது யானையும் அதன் பிறகுதான் நகர்ந்தது.

இந்தக் கூட்டத்தில் மொத்தம் எத்தனை யானை என்று அவளிடம் கேட்டேன்.

“எத்தனைன்னு எனக்குத் தெரியாதுங்கய்யா. அதுக நிக்கிற நிப்பப் பாப்போம், அம்புட்டுதான்” என்றாள். பேத்தியை இறக்கிவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று மற்றவர்களோடு போய்விட்டாள். மனைவிதான் கும்பிட்டாள்.

இப்போதும் எங்கே கிளம்பினாலும் ஐந்து பேரையும் எண்ணத்தான் செய்கிறேன். எண்ணி முடித்த பிறகு, யாராவது திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களா என்று ஒரு நிமிடம் கவனிப்பது மட்டும் அந்தப் பெண்ணிடம் நான் கற்றுக்கொண்டது.