தோமையாரின் பங்கு

இதாகுவா ஊரில் ஒப்துலியாவைத் தெரியாதவர்கள் இருந்தால், அவர்கள் வீடு கழுவாதவர்களாகத்தான் இருக்க வேண்டும். அவள் வாசலில் நீல டிரம் நிறைய ப்ளீச், பக்கத்தில் ஆசிட் கேன். யார் எந்தப் பாட்டிலை நீட்டினாலும் ஊற்றிக் கொடுப்பாள். நீட்டுவதெல்லாம் குடித்துத் தீர்த்த கூல்டிரிங்ஸ் பாட்டில்தான். வேறு பாட்டிலுக்கு எங்கே போவது? அதே பாட்டிலில்தான் எல்லா வீட்டிலும் தண்ணீரையும் குளிரவைப்பார்கள். ஜில்லென்ற தண்ணீர் ஊற்றி உறிஞ்சுகிற தெரெரே இலைப்பானம் இல்லாமல் அந்த ஊர் ஜனவரிக் கோடை வெயிலை யாரால் தாங்க முடியும்? இரண்டுக்கும் ஒரே பாட்டில் என்பது யார் மண்டையிலும் உறைக்கவில்லை. ஒப்துலியாவின் மண்டையிலும்தான்.

வருஷக்கணக்காக அந்த நெடியில் நின்றவளுக்கு மூக்கு செத்துப்போயிருந்தது. டைல்ஸ் ஒட்டி ஆசிட் போட்டுக் கழுவுகிற அவள் புருஷன் வில்ஃப்ரீதோவுக்கும் அதே கதி.

அன்று பக்கத்து வீட்டு ரமோனா ப்ளீச் நிரப்பிக்கொண்டாள். அப்புறம் எடுத்துக்கொள்கிறேன் என்று பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டு வம்பளக்கப் போய்விட்டாள். வேலை முடிந்து வந்த வில்ஃப்ரீதோ, வெளியே கிடந்த தண்ணீர் சூடாகிறதே என்று அதை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தான். வாழ்நாளில் ஒரே ஒரு நாள் யாரும் ஏவாமலே ஒரு வேலை செய்தான், அதுவும் இப்படி.

கொஞ்ச நேரம் கழித்து ஒப்துலியா கொம்புக் குவளையில் யெர்பா இலைத்தூளைப் போட்டு, உறிஞ்சுகுழலைச் செருகி, அந்தப் பாட்டிலைக் கவிழ்த்தாள். தெரெரேயில் முதல் ஊற்று புனித தோமையாருக்கு. அதில் யாரும் வாய் வைக்கக் கூடாது, இலையே குடித்துக்கொள்ளும். வில்ஃப்ரீதோவுக்கு இதைக் கண்டாலே எரிச்சல்.

"உன் தோமையாரா வெயில்ல நின்னு டைல்ஸ் ஒட்டினாரு? எனக்குத் தொண்ட காயுது. கொண்டா இங்க."

"அவரு குடிச்சப்புறந்தான் உனக்கு. சும்மா இருய்யா."

அவன் கை நீட்டினான். அவள் குவளையைத் தன் பக்கம் இழுத்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. பச்சைத் தூள் ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. எது அப்படி வெளுக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? குவளையை முற்றத்தில் வீசிவிட்டுத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். விஷயம் புரியாத வில்ஃப்ரீதோ, குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். அவள் பாட்டிலைக் காட்டினாள். அதற்குப் பிறகு அவன் தாகத்தைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாளிலிருந்து கூல்டிரிங்ஸ் பாட்டிலோடு வந்தவர்களுக்கு ஒரு சொட்டு கிடையாது என்றாள். ப்ளீச் வேண்டுமானால் லேபிள் ஒட்டிய ப்ளீச் பாட்டிலோடு வரவேண்டும். ஆசிட் விற்பதையே விட்டுவிட்டாள். அப்படியானால் ஆசிட்டை ஓடையில் கொட்டித் தலைமுழுகு என்றான் வில்ஃப்ரீதோ. கீழ்த்தெருப் பிள்ளைகள் குளிக்கிற ஓடை அது, நம் பாவத்தை அவர்கள் தலையிலா கொட்டுவது என்று ஏறி விழுந்தாள். மிச்சத்தை ப்ளீச் டிரம்மிலாவது ஊற்றிவிடலாமே என்றவனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டும் சேர்ந்தால் கிளம்புகிற புகை ஆளையே கொல்லும். கேனை அப்படியே இறுக மூடி, கொண்டுவந்து போட்ட வண்டிக்காரனிடமே திருப்பிக் கொடுத்தாள். அந்த இடத்தில் ஊர்த் தேங்காய்ச் சோப்பும் வினிகரும் வந்து உட்கார்ந்தன.

வியாபாரம் படுத்துவிட்டது. பாதித் தெரு முக்குக்கடைக்குப் போயிற்று. ஏன் இப்படி என்று கேட்டவர்களிடம் அவள் வாய் திறக்கவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. ஒருநாள் ரமோனா வாசலில் நின்று நக்கலடித்தாள்.

"சோப்பு போட்டா கக்கூஸ் சுத்தமாகும்னு யாருக்கா நம்புவா? கண்ணு எரிஞ்சாத்தான் சுத்தம். உனக்குப் பவுசு ஏறிப்போச்சு."

ஒப்துலியாவுக்குப் பொறுக்கவில்லை.

"அன்னிக்கு மேஜமேல வச்சுட்டுப் போனியே, அந்தப் பாட்டில்லேந்துதான்டி எம் புருஷனுக்குத் தெரெரே ஊத்தினேன். தண்ணின்னு நெனச்சு, என் கையாலயே. மொத ஊத்து தோமையாருக்குப் போச்சு. அதனால இந்த மனுஷன் பொழச்சாரு."

ரமோனா விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். போன வேகத்திலேயே திரும்பி வந்தாள். கையில் மூன்று கூல்டிரிங்ஸ் பாட்டில், மூன்றிலும் ப்ளீச். அடுப்பங்கரையில் குடிதண்ணீர் பாட்டில்களோடு ஒரே வரிசையில் நின்றவை.

"எங்க மாமனாரு சாமிக்குப் பங்கு வைக்கிற ஆளே இல்லக்கா," என்றாள். "மொத வாய் எப்பவும் அவருக்குத்தான்."