அந்த வீட்டுத் தண்ணீர்

வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறவர்களில் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்று ஆராய்வதுதான், பொருளாதாரப் பேராசிரியையாக என் பிழைப்பு. ஒரே வேலை, ஒரே சம்பளம், சாதியோ மதமோ மட்டும் வேறாக உள்ள இரண்டு பேரை ஒரே வீட்டுக்கு அனுப்புவேன். கேட்டதற்கு உண்மையைச் சொல்லுங்கள், யாரோடும் மல்லுக்கு நிற்காதீர்கள், நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். இது நான் அவர்களுக்குப் போட்ட சட்டம்.

ஓய்வு பெற்றதும் அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. கடலூரில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் தேடினோம். பார்த்ததெல்லாம் கைநழுவிப் போய், மாதக் கடைசியும் நெருங்கிவிட்டது. மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி வீடு இருக்கிறது என்று கேள்விப்பட்டுக் கிளம்பினோம். சொந்த ஊரைக் கேட்டால் பெண்ணாடம் மில்லுப் பக்கம் என்று மட்டும் சொல், அதற்கு மேல் வாயைத் திறக்காதே என்று ஆட்டோவிலேயே என் கணவர் எனக்குப் பாடம் நடத்தினார்.

வீட்டுக்கார அம்மாள் நன்றாகத்தான் பேசினார். வீடும் காற்றோட்டமாக இருந்தது. கணவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்தத் தெருவில் இவர்கள் போர்வெல் தண்ணீரில் மட்டும்தான் உப்பு இல்லையாம். "குடிச்சுப் பாத்துட்டு சொல்லுங்க" என்று டம்ளரோடு குழாயடிக்குப் போன அம்மாள், போகிற போக்கில் சொந்த ஊரைக் கேட்டார். பெண்ணாடம் என்றேன். பெண்ணாடத்தில் எங்கே என்றார். கணவர் என் காலை மிதித்தார்.

"காலனிங்க."

அம்மாள் டம்ளரை மேடைமேல் கவிழ்த்து வைத்தார். மகனிடம் கேட்டுவிட்டு போன் செய்கிறேன் என்றார். அந்தப் பதிலை எத்தனை வீடுகளிலிருந்து கேட்டு எழுதியிருப்பேன்! அப்படியும், பழக்கதோஷம், ரொம்ப நன்றிங்க என்றுதான் சொன்னேன். படி இறங்கும்போது என்மேலேயே ஆத்திரமாக வந்தது. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

ஆட்டோ பாலத்தை நெருங்கியபோது கணவர் என் பக்கம் திரும்பினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"தண்ணி எப்டி இருக்குன்னு தெரியாமலே வந்துட்டமே" என்றார்.

வண்டியைத் திருப்பச் சொன்னேன். வீடு கிடைக்காது என்று தெரியும். கதவைத் திறந்த அம்மாள் என்னைப் பார்த்து விழித்தார்.

"குடிச்சுப் பாத்துட்டு சொல்லச் சொன்னீங்க. இன்னும் குடிக்கலீங்க" என்றேன்.

கணவர் பின்னாலேயே வந்து நின்றார்.

"எனக்கும் ஒரு டம்ளர்ங்க" என்றார்.