நிலாவுக்கு நேரே விரித்த பாய்

கோழிப்பண்ணை நாற்றத்தில் உட்கார்ந்து வானத்தை அண்ணாந்து பார்த்தவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பல்லடத்துக்கு அந்தப் பக்கம், ஒரு கோழிப்பண்ணையை ஒட்டி என் மச்சினன் தரிசாகப் போட்டிருக்கும் காடு அது. ஊருக்குள் பனியன் கம்பெனி விளக்குகள் வானத்தையே வெளுத்து வைத்திருப்பதால் வேறு இடம் அகப்படவில்லை. மார்கழிப் பனியில் நாற்றம் மேலே போகாமல் தரையோடு கிடந்தது. பிளாஸ்கில் கொண்டுபோன டீயிலும் அதே வாடை. ஒரு வாய் குடித்ததும் குமட்டிக்கொண்டு வந்தது.

ஆசைப்பட்டவள் என் மனைவி. எரிநட்சத்திரங்கள் வரிசையாக விழப்போகின்றன என்று போனில் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணே ஒண்ணாச்சும் பாக்கோணுமுங்க" என்றாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் நாங்கள் சேர்ந்து பார்த்தது என்று எதுவுமே இல்லை. அவளுக்குப் பகலில் தையல், எனக்குப் பெரும்பாலும் நைட் ஷிப்ட். இதற்காகவே இரண்டு பேரும் லீவு போட்டிருந்தோம்.

போய்ப் பார்த்தால் மேற்கே அந்தப் பாழாய்ப்போன நிலா, பகல் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் நான் லேசுப்பட்ட ஆளா? துணி செக்கிங்கில் பழம் தின்று கொட்டை போட்டவன். கண்ணாடி மேஜைக்கு அடியில் டியூப்லைட் எரியும், மேலே துணி ஓடும். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அந்த வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். அதே நினைப்பில் பாயை நிலாவைப் பார்க்க விரித்தேன்.

"அந்தப் பக்கம் நல்ல இருட்டா இருக்குதுங்க. திரும்பி உக்காந்துக்கலாமுங்களா?" என்றாள்.

"செக்கிங் நீயா, நானா? வெளிச்சத்துக்கு நேரா பாத்தாத்தான் எதுவும் தெரியும். பேசாம உக்காரு."

இன்னும் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் அதட்டினேன். அதற்குப் பிறகு, கண் கூசுகிறது என்று சொல்லி எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு மணி நேரம் நிலாவை முறைத்ததில் கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம். நிலாவைத் திட்டினேன். கோழிகளைத் திட்டினேன். போனில் புளுகுகிறவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் மட்டும் அவ்வப்போது பக்கத்து வேப்பமரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன, மரத்துல பேய் உக்காந்திருக்குதா?"

"ஒண்ணுமில்லீங்க."

வண்டியில் வரும் வழியெல்லாம் நான்தான் பேசினேன். வீட்டு வாசலில் இறங்கும்போதும், "அத்தனையும் டூப்பு. ஒண்ணுகூட உழுகல" என்றேன்.

"நாலு உழுந்துச்சுங்க" என்றாள்.

எனக்கு வேப்பமரம் ஞாபகம் வந்தது. எரிநட்சத்திரம் கண்ணில் பட்டால் உடனே ஒரு பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவள் அம்மா வீட்டுப் பழக்கம். நாலு தடவையும் அவள் தனியாகவே பார்த்திருக்கிறாள், என் முதுகுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டு.

"அப்பவே திரும்பச் சொல்றதுக்கென்ன?"

"மூணு வாட்டி சொன்னனுங்களே" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் வெளியிலேயே சட்டையைக் கழற்றி வாளியில் முக்கினேன். என்னை நினைக்க எனக்கே குமட்டியது.