பூஜையில் வைத்த கேசட்

பூரணி அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் தப்பிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அதனால் அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிறேன்.

அக்கா ஸ்ரீரங்கத்தில் எங்களுக்குக் கீழ் வீடு. ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறார். டீச்சர் இல்லை, டீச்சர்கள் கெடுத்து வைப்பதைச் சரிசெய்கிறவர். வீட்டுக்கு வந்தால் பழைய வீடியோ கேம் கேசட்டுகள். அந்தக் கேசட்டுகளில் நாம் எதுவரை ஆடினோம் என்பதை ஒரு பட்டன் பேட்டரிதான் நினைவில் வைத்திருக்கும். பேட்டரி செத்தால் ஆட்டமும் போச்சு. புதுசு போடலாம் என்று பழசைக் கழற்றினாலும் போச்சு. ஆகவே முதலில் ஆட்டத்தை ஃபைலாக வெளியே எடுக்க வேண்டும். அதற்கு அக்காவே ஒரு ரீடர் செய்திருக்கிறார். தீப்பெட்டி அளவு போர்டு, மேலே கேசட் சொருகும் வாய், கீழே வயர். எடுத்த ஃபைலை, இவரைப் போன்ற கிறுக்கர்கள் பகிர்ந்துகொள்ளும் இணையதளத்தில் ஏற்றுவார். பிரேசிலில் எவனோ ஒரு கட்டத்தில் மாட்டிக்கொண்டால், திருச்சிக்காரர் தாண்டிய இடத்திலிருந்து ஆடிக்கொள்ளலாம்.

போன வருஷம் புத்தூரிலிருந்து ஒரு பெண் கொண்டுவந்த கேசட்டில், ‘எடு’ என்பதற்குப் பதில் ‘எழுது’ என்பதை அக்கா அமுக்கிவிட்டார். வெற்று ஃபைல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அந்தப் பெண் திட்டவில்லை. கேசட்டைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டு போனாள். அக்கா ஒரு மாதம் ரீடரைத் தொடவில்லை.

“இன்னொருத்தரோடது என் கையால போச்சுன்னா இதோட நிறுத்திடுவேன் நிஷா” என்றார். சொன்னால் செய்கிற ஆள்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு தென்னூரிலிருந்து பெஞ்சமின் சார் வந்தார். ரயில் டிரைவர். பகலெல்லாம் ரயில் ஓட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து கேமிலும் ரயில் ஓட்டுகிறவர். அந்தக் கேமில் பதினோராவது ஸ்டேஷனைத் தாண்டியவர் தளத்தில் ஒருவரும் இல்லை. இவர் பன்னிரண்டில் நிற்கிறார். இருபது வருஷ ஆட்டம். கேசட்டைக் கர்ச்சீப்பில் சுற்றிக் கொண்டுவந்தார்.

பூஜையன்று காலை அக்கா கேசட்டைத் திறந்து மீட்டர் வைத்தார். முந்தின நாள், பள்ளிக்கூடப் பூஜை வேலையில் அளக்க மட்டுமே நேரம் இருந்தபோது, 2.4 வோல்ட் காட்டியது அன்று 2.1. இரண்டுக்குக் கீழே இறங்கினால் முடிந்தது. கரண்ட் இல்லை, லேப்டாப்பிலும் சார்ஜ் இல்லை. கேசட்டை மூடி ரீடரில் சொருகித் தயாராக வைத்துவிட்டு, “பதினொண்ணுக்குக் கரண்ட் வந்ததும் எடுத்துடறேன்” என்று பூ வாங்கப் போனார்.

இனித் தள்ளிப்போட முடியாது. அக்காவின் வீட்டுக்காரர் காசிநாதன் அண்ணன் மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில்லில் ஃபிட்டர். தன் ஸ்பேனர்களையெல்லாம் கழுவிப் பூஜையில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் திரும்பிய நேரம் பார்த்து, ரீடரைக் கேசட்டோடு நடுவில் உட்காரவைத்து, சந்தனம் குங்குமம் அப்பினேன். அக்கா வந்து பார்த்துச் சிரிப்பார் என்றுதான். நல்ல நேரம் முடியப்போகிறது என்று அண்ணன் கற்பூரம் ஏற்றிவிட்டார்.

அக்கா வந்தார். சிரிக்கவில்லை.

“அதை யாருங்க அங்க வெச்சது?”

“நீ வெச்சதுன்னுல்ல நெனச்சேன்.”

“எனக்கு அது இப்ப வேணும்.”

“நாளைக்குக் காலையில எடுத்துக்க.”

பூஜையில் வைத்த சாமானை மறுநாள் கற்பூரம் காட்டாமல் எடுத்து வேலை பார்க்கக் கூடாது. அண்ணன் இதில் கறார். ஆறு வருஷம் முன்பு இதே நாளில், ஒரு நட்டுதானே என்று பூஜை போட்ட மோட்டாரில் கை வைத்தார். இடது கையில் சுண்டு விரல் இல்லை. அவரிடம் போய் இதெல்லாம் சும்மா என்று சொல்ல எனக்கே வாய் வராது.

கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது. அக்கா பூஜைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேசட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைக் காலைக்குள்ள செத்துடும்ங்க.”

“சாமி முன்னாடி இருக்கு. ஒண்ணும் ஆகாது.”

“நான்தான் வெச்சேன்” என்றேன். சத்தம் வெளியே வந்ததா என்று சந்தேகமாக இருந்ததால் இன்னொரு முறையும் சொன்னேன்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு அறை விட்டிருக்கலாம்.

“வெளையாட்டா வெச்சாலும் வெச்சதுதாம்மா” என்றார் அண்ணன்.

“ஏங்க, உங்க ஸ்பேனர் இப்ப என்ன பண்ணுது?” அக்கா கேட்டார்.

“என்ன பண்ணும். சும்மா இருக்கு.”

“இது சும்மா இல்லைங்க. உள்ள இருக்கிற பேட்டரி இந்த நிமிஷமும் அந்த மனுஷனோட ஆட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. எல்லாத்துக்கும் லீவு விட்டீங்க. இதுக்கு மட்டும் டூட்டி.”

அண்ணன் இடது கையால் தாடையைத் தேய்த்தார். ரொம்ப நேரம் தேய்த்தார்.

“எடுத்து, உன் கைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?”

“அஞ்சு வோல்ட்டுங்க. எறும்பு கடிச்ச அளவுகூட இருக்காது.”

நாளைக்குக் காட்ட வேண்டிய கற்பூரத்தை அண்ணன் அதற்கு மட்டும் அப்போதே காட்டினார். ரீடரைத் தானே தூக்கி மேஜையில் வைத்தார். “வயரை நான் சொருகறேன். நீ தள்ளி நில்லு.”

முதல் தடவை, படிக்க முடியவில்லை என்று வந்தது. குங்குமம் கேசட்டின் பின்களுக்குள் இறங்கியிருந்தது. நான் கஞ்சத்தனம் காட்டவில்லையே. லேப்டாப் வயரில் இருக்கும்வரை அதிலிருந்து வரும் கரண்டே போதும், பேட்டரிக்கு ஓய்வு. துடைக்க வெளியே இழுத்தால் மறுபடி அதுதான் தாங்க வேண்டும். அக்கா இழுத்தார். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தார். மீட்டர் 2.03 காட்டியது. திரும்பச் சொருகினார்.

ஃபைல் வந்தது. நான் மூச்சு விட்டேன்.

“ஒரு தடவை வந்தா நம்பக் கூடாது. ரெண்டு எடுத்து ரெண்டும் ஒண்ணா இருக்கணும்.”

இரண்டாவது வேறு மாதிரி இருந்தது. மறுபடி இழுத்து, மறுபடி துடைத்தார். அண்ணன் எழுந்து ஃபேனை நிறுத்தினார், ஏன் என்று அவருக்கே தெரியாது. மூன்றாவது வந்தது. நான்காவது வந்தது. இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. அதை லேப்டாப்பில் ஓடவிட்டபோது, பன்னிரண்டாவது ஸ்டேஷனில் ரயில் நின்றுகொண்டிருந்தது.

அக்கா மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அப்படியே சொன்னார்: “பெஞ்சமின் சாருக்கு நீயே போன் பண்ணு.”

“பத்திரமா இருக்குன்னா?”

“மொதல்ல நீ செஞ்சதை. அப்புறம் அதை.”

செய்தேன். சொன்னேன். சார் கேட்டார்.

“பூரணிம்மா என்ன சொல்றாங்க?”

“இன்னும் என் மூஞ்சியப் பாக்கலை சார்.”

“பாக்க வேண்டாம், கொஞ்ச நாள் இருக்கட்டும். எங்க அண்ணன் பையன்கிட்ட ஒரு கேசட் கெடக்கு. அதையும் கொண்டாரலாமான்னு கேளு.”

கேட்டேன். அக்கா தலையைத் தூக்கினார்.

“கொண்டாரச் சொல்லு. நீ இருக்கிறப்ப வேணாம்னு சொல்லு” என்றவர், பஞ்சையும் ஸ்பிரிட் பாட்டிலையும் என் பக்கம் தள்ளினார். ரீடரில் முப்பத்திரண்டு பின். நான் துடைக்கத் தொடங்கினேன்.